வீட்டு விதி கடன் வாங்கும் டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை ஆட்டத்தை நடத்தும் டிஎம்களுக்கு (ஆட்ட நடத்துநர்களுக்கு),

வணக்கம். ஒரு வெட்டாவது வெட்டாமல் காய் பழுக்கலாமா என்பதில் தாய விளையாட்டுக்கே தெருவுக்கொரு சட்டம் உண்டு. ஆகவே வீட்டு விதியே, அதாவது ஒரு மேசையில் ஆடுகிறவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் விதியே, கூடாது என்று சொல்ல வரவில்லை. அடுத்த மேசையின் விதியை அப்படியே இறக்காதீர்கள் என்கிறோம். வாடைக்கு வடகடலிலிருந்து தென்கடலுக்குப் படகை மாற்றுகிற ஊருக்கு இது புரியும்.

அடிக்கும்போது 20 முகப் பகடையில் 20 விழுந்தால் அது கிரிட்டிக்கல்; அடியின் அளவைச் சொல்லும் பகடை இரட்டிப்பாகும். 'கிரிட்டிக்கல் விழுந்தால் ஒரு டைஸுக்கு முழு எண், மற்றதை உருட்டு' என்ற விதி எல்லாருக்கும் பிடிக்கும். ஓர்க் என்ற அரக்கனுக்கும் பிடிக்கும். 2014 விதிப் புத்தகத்தில் அதன் கோடரி அடி 1டி12+3 (12 முகப் பகடை ஒன்று, கூட 3); கிரிட்டிக்கலில் 2டி12+3. எதிரே முதல் லெவல் மந்திரவாதி, 8 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), இன்னும் அடிபடவில்லை. அடி 16 ஆனால் மயக்கம் கிடையாது, நேரே சாவு; பூஜ்யத்துக்குக் கீழே மிஞ்சுவது அவருடைய முழு 8-ஐத் தொட்டுவிடும். மூல விதியில் இதற்கு 144-க்கு 78 வாய்ப்பு. கடன் வாங்கிய விதியில் 12+1+3, குறைந்த அடியே 16. இரண்டாம் லெவலில் 14 பாயின்ட் வந்துவிட்டால் 28 வேண்டும். ஓர்க்கின் உச்ச அடி 27. மூன்றாம் லெவலில் ஆட்டம் தொடங்கும் மேசைக்கு இந்தப் பள்ளம் கண்ணிலேயே படாது. முதல் லெவலில் அரக்கர்களுக்கு மட்டும் மூல விதி என்று ஒரு வரி சேருங்கள், போதும்.

'1 விழுந்தால் ஆயுதம் நழுவும்' விதியைத் தொடவே வேண்டாம். சுற்றுக்கு ஒரு அடி அடிப்பவருக்கு 5 சதவீதம், நான்கு அடி அடிக்கும் 20-ஆம் லெவல் ஃபைட்டருக்கு 18.5. தேர்ந்தவன் கையில்தான் வாள் அதிகம் நழுவுமாம்! விடவே மனமில்லையென்றால் சுற்றின் முதல் அடிக்கு மட்டும் வையுங்கள்.

எதிரியை இருபுறமும் மறித்தால் அட்வான்டேஜ் (20 முகப் பகடையை இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுப்பது) என்பது 2014 புத்தகத்திலேயே உள்ள விருப்ப விதி. அதிலேயே 20 விழும் வாய்ப்பு 5-லிருந்து 9.75 சதவீதம் ஆகும்; மேலே சொன்ன கிரிட்டிக்கல் விதியையும் சேர்த்தால் அந்த முழு எண் அடியும் அத்தனை தரம் விழும். அட்வான்டேஜுக்குப் பதில் +2 கொடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே விதி, மூன்று அமர்வு, தாளில் எழுதி மேசை மேல். கடலுக்குப் போகிறவர்கள் உள்ள மேசை என்றால் இன்னொன்று: ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் ஆறு பேரோடு சரிபார்த்த விதியை, ஜூன் 14-க்குப் பிறகு மூன்று பேரே வரும்போது மறுபடி பாருங்கள். அப்போது மறிப்பது ஓர்க்குகளாகத்தான் இருக்கும்.