ஜொகூர் ஆற்றின் நீர்த்தரத்தை இரு நாடுகளும் கூட்டாகக் கண்காணித்து வெளியிடக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு, சிங்கப்பூர்

அனுப்புநர்:
ஈசூன் வட்டாரக் குடியிருப்பாளர்கள்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துடன் செய்த 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அங்குள்ள ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க, 2061 வரை நமக்கு உரிமை உண்டு. ஆனால் இதைப் பற்றிய பேச்செல்லாம் விலையிலேயே நின்றுவிடுகிறது. ஆயிரம் கேலன் ஆற்று நீருக்கு நாம் தருவது 3 மலேசிய சென். அதைச் சுத்திகரித்து நாம் திருப்பி விற்கும் நீருக்கு ஜொகூர் தருவது ஆயிரம் கேலனுக்கு 50 சென். அந்த விலைப் பிரச்சினையை இரு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். எங்கள் கவலை ஆற்றைப் பற்றியது.

2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா மிகுந்ததால், பொதுப் பயனீட்டுக் கழகம் அங்கே நடத்தும் சுத்திகரிப்பு நிலையத்தை நிறுத்த நேர்ந்தது. கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் நியூவாட்டர் எனும் மறுசுழற்சி நீரும் கைகொடுத்ததால் நம் வீட்டுக் குழாய்கள் வறளவில்லை. ஜொகூரிலோ ஆயிரக்கணக்கான வீடுகளில் தண்ணீர் தடைப்பட்டது. எங்களில் பலருக்கு உடன்பிறந்தவர்களும் சம்பந்திகளும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நாம் தப்பித்தோம் என்று ஆறுதல் கொள்ள எங்களால் முடியவில்லை.

கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினை அம்மோனியாவே தின்றுவிடும். ஆகவே அம்மோனியா கொண்ட கழிவு ஆற்றில் கலக்குமுன், கரையோரச் செம்பனை ஆலைகளிலும் தோட்டங்களிலுமே அதைத் தடுக்க வேண்டும். வறட்சியில் ஆறு மெலிந்தால் அதே கழிவு இன்னும் செறிந்துவிடும். அப்போது நீரைத் திறந்துவிட்டு, கடலின் உப்பு ஆற்றில் ஏறாமல் காப்பது 1995இல் ஜொகூரில் நாம் கட்டிய லிங்கியு நீர்த்தேக்கம். 2016 அக்டோபரில் அதன் இருப்பே 20 விழுக்காட்டுக்குச் சரிந்தது.

எனவே மலேசிய அரசுடனும் ஜொகூர் மாநில அரசுடனும் பேசி, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து நீர் எடுக்கும் இடம் வரை கூட்டுக் கண்காணிப்புக் கருவிகளை நிறுவக் கோருகிறோம். அம்மோனியா, உப்பு, லிங்கியு நீர்மட்டம் ஆகியவற்றின் அளவுகள் இரு கரை மக்களும் படிக்கும்படி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலத்தில் நாள்தோறும் வெளியாக வேண்டும். அளவு எல்லை மீறினால் யார் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பது என்பதையும் எழுத்தில் வகுத்துவிட வேண்டும். 2061க்குப் பிறகான ஏற்பாட்டைப் பேச உட்காரும்போது விலைக்கு முன்பாக இதை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வட்டாரக் குடியிருப்பாளர்கள்