செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: புகைப்பட, வீடியோ ஒளிப்பதிவாளர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், வாட்ஸ்அப்பில் 'வருகிறேன்' என்று எழுதிவிட்டு வராதவர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. ஆயுத பூஜை சங்க அலுவலகத்தில் நடைபெற்றது. அடையாள அட்டைகள் புதுப்பிக்கப்பட்டன.

இவ்வாண்டு நான் முன்னின்று தொடங்கிய நுகர்வோர் சட்ட உதவிப் பிரிவைப் பற்றி, 'இது சங்கத்துக்கு எதற்கு?' என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்ததால், விரிவாகக் கூற வேண்டியுள்ளது. நம் உறுப்பினர் ஒருவர் தவணையில் வாங்கிய கேமரா, வாரண்டி முடியும் முன்பே, ஒரு முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. செல்போனில் எடுத்துச் சமாளித்தவருக்குப் பேசிய தொகையில் பாதிதான் கிடைத்தது. சர்வீஸ் சென்டரிலோ ஷட்டர் கவுண்ட்டை (கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கையை)ப் பார்த்துவிட்டு, 'வணிகப் பயன்பாடு, வாரண்டி பொருந்தாது' என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்றே நம்மில் பலரும் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அது சரியன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7)-இன் விளக்கப்படி, ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தி, சுயதொழிலால் தம் பிழைப்பை நடத்துவதற்கு மட்டுமே வைத்திருக்கும் பொருள் வணிக நோக்கத்தில் வாங்கியதாகாது. வாரண்டி அட்டையில் நிறுவனம் அச்சிட்டுக்கொள்ளும் நிபந்தனை வேறு. நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டும் உரிமை வேறு. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று எதிர்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினீயரிங் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றும் கூறியது. ஆல்பம் வேலைக்கு மனைவியையும், லைட் பிடிக்க ஒரு பையனையும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதைவிடத் தெளிவான சொல் தேவையில்லை.

ஆனால் அதே வழக்கில், எந்திரம் வாங்கி வழக்குத் தொடுத்தவர், அதை வணிக நோக்கத்தில் வாங்கியதாகக் கருதப்பட்டுத் தோற்றார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பல யூனிட்டுகளை (படப்பிடிப்புக் குழுக்களை)ச் சம்பளத்துக்கு வைத்து நடத்தும் பெரிய ஸ்டுடியோவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம் என்று நான் சொன்னதற்காக, மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சட்டத்தை எழுதியது நான் அல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கேமரா பழுதான உறுப்பினரின் புகார் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நிலுவையில் உள்ளது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது; நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். 'சுயதொழிலுக்காகவே வாங்கினேன்' என்ற வாக்கியம் புகார் மனுவிலேயே இருக்க வேண்டும். விலை குறைகிறதென்று பில் இல்லாமல் வாங்கிய டிரோனை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதை உறுப்பினர்கள் தயவுசெய்து தவிர்க்கவும்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது, விரும்புவோர் பார்க்கலாம். கையிருப்பு திருப்திகரமாக இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போர் பெயரை இங்கே படிப்பது நாகரிகமன்று. ஆயினும் உதவிப் பிரிவுக்கு முதலில் ஓடிவந்தவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், மண்டபம் தந்த உரிமையாளர், தேநீர் ஏற்பாடு செய்த இளைஞரணி ஆகியோருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

கேமராவின் பழுது உற்பத்திக் குறையா, கையாண்ட குறையா என்பதை ஆய்வகச் சோதனைதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் கட்டுமாறு ஆணையம் கேட்கலாம். மாதத் தவணையே கட்ட முடியாமல் இருப்பவர் அதைத் தனியாகச் சுமப்பது நியாயமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். சங்க நிதியிலிருந்து கொடுப்பதாக இருந்தால் நிதி இருக்க வேண்டும். பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார். ஜி-பே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்