டயர் சரியில்லை என்றால் வண்டி கிளம்பக் கூடாது: ஒரு வேன் ஓட்டுநரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அறிக்கையும் மேசைக்கு வந்திருக்கும். 'பின் இடது டயர் வெடிப்பு, பயணிகளுக்குக் காயமில்லை, தாமதம் 1 மணி 10 நிமிடம்' என்று மூன்றே வரி. அந்த மூன்று வரியில் வராததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த டயரின் பக்கச் சுவரில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அதை நான் முதலில் பார்த்தது வெடிப்பதற்குப் பதினொரு நாள் முன்னால். அன்றைக்கே புகார் நோட்டில் எழுதினேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் எழுதி அடிக்கோடும் போட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: "இந்த டிரிப்பை முடித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம். பயமாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்."

ஐயா, அம்மா, அந்த யோசனையைச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது ஆபத்தான யோசனை. டயரின் உறுதி வெளியே தெரியும் ரப்பரில் இல்லை, உள்ளே ஓடும் இழைகளில் இருக்கிறது. குழியிலோ நடைபாதை ஓரத்திலோ பலமாக இடித்தால் அந்த இழைகள் சில அறுந்துபோகும். அறுந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்குகிறது, அதனால்தான் வீங்குகிறது. பக்கச் சுவர் வீக்கத்துக்கு ஒட்டுப் போட முடியாது, கழற்றித் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. காற்றைக் குறைத்தால் சுவர் இன்னும் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும், சூட்டில் ரப்பரும் இழையும் பிரிய ஆரம்பிக்கும். எங்கள் வண்டி மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது டயர் வினாடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு தடவை அந்த வீக்கம் தரைப் பக்கம் வந்து நசுங்கிவிட்டுப் போகிறது.

அன்றைக்கு வண்டியில் பதின்மூன்று பேர், அதில் ஒரு கைக்குழந்தை. சத்தம் கேட்ட அடுத்த நொடி வண்டியின் பின்புறம் இடப்பக்கம் இழுத்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டீயரிங்கை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகம் தானாக இறங்கும்வரை நேராகப் பிடித்தேன். இது சாமர்த்தியம் இல்லை, ஓட்டுநர் வேலைக்கு வருகிறவர் எல்லோரும் கற்றிருக்க வேண்டியதுதான். பக்கத்துத் தடத்தில் அந்த நேரம் ஒரு லாரி இல்லாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. பயணிகளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு ஸ்டெப்னியை இறக்கப் போனேன். அது வண்டிக்கு அடியில் தொங்குகிறது. இறக்குகிற போல்ட் துருவேறி இறுகிப்போயிருந்தது. சாலையோரத்தில் மல்லாந்து படுத்து, மொபைல் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். லாரிகள் கடக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி ஜாக்கியின் மேல் லேசாக ஆடியது. ஸ்பேனர் இரண்டு தடவை நழுவி முழங்கையின் தோல் போனது. இருபத்தைந்து நிமிடம் ஆனது. இறங்கி வந்த ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது. காற்றே இல்லை.

அப்போது அந்தக் குழந்தையின் அம்மா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "அண்ணா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்னிடம் பதில் இல்லை. டயரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

விளக்கடியில் அந்த ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கச் சுவரில் டாட் (DOT) என்கிற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் டயர் பிறந்த தேதி. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். அதில் 2211 என்று இருந்தது. 2011ஆம் வருடத்தின் 22ஆவது வாரம். நம் வண்டியை வாங்கியதே 2017இல். வண்டியைவிட ஆறு வயது மூத்த ஸ்டெப்னியை நம்பி நாங்கள் தினமும் கிளம்பியிருக்கிறோம். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகள், தேயாமல் நிறைய இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. காய்ந்து இறுகுகிறது, மயிரிழை போல வெடிப்பு விடுகிறது.

டயரின் வயதைப் பற்றி நான் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் இசை விழாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு பேருந்தின் முன் டயர் வெடித்து, வண்டி சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்த டயருக்கு வயது 19க்கு மேல், பேருந்தைவிடப் பழையது. அதில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் வருடக்கணக்கில் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பேருந்துகளின் முன் சக்கரங்களிலும் மினி பஸ்ஸில் இரட்டையாக இல்லாமல் தனியாக ஓடும் ஒற்றைச் சக்கரங்களிலும் பத்து வருடம் தாண்டிய டயரைப் போடக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. இன்னொரு தாய் அப்படிப் போராட வேண்டிய நிலை நம்மால் வரக் கூடாது.

எனவே என் முதல் கோரிக்கை இதுதான். டயர் சரியில்லை என்று ஓட்டுநர் நோட்டில் எழுதினால், டயரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த வண்டி கிளம்பக் கூடாது.

மறுநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெடித்ததற்குப் பதிலாக வந்த டயரில் 215/65 ஆர் 16 என்று இருந்தது. அளவு சரிதான். ஆனால் அது கார் டயர். நம் வண்டிக்கு அளவின் முடிவில், சுமை ஏற்றும் வண்டிக்கான டயர் என்பதைக் காட்டும் 'சி' என்ற எழுத்தும் 109/107 என்ற சுமைக் குறியீடும் இருக்க வேண்டும். ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும். வந்ததில் 98 என்று போட்டிருந்தது, அது 750 கிலோ. ஒரு டயரில் மட்டும் 280 கிலோ குறைகிறது. மாட்ட மாட்டேன் என்று சொன்னதற்கு, "அளவு ஒன்றுதானே, ஏன் அடம் பிடிக்கிறீர்கள்" என்றார்கள். நான் அடம் பிடிக்கவில்லை. ஆள் நிறைந்த வண்டியை எதன் மேல் ஓட்டுகிறேன் என்று தெரிந்துகொண்டு ஓட்ட விரும்புகிறேன், அவ்வளவுதான். கடைசியில் சரியான டயர் வந்தது. அதற்கு நன்றி.

காலையில் பத்து நிமிடம் கேட்டால் "வண்டியைச் சுற்றிப் பார்க்க எதற்குப் பத்து நிமிடம்" என்கிறார்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், அதாவது வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு காற்றழுத்தம் அளக்கும் கேஜ் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியதும் குறைந்துபோயிருக்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது, காலி வண்டிக்கு ஒன்று, முழு லோடுக்கு ஒன்று. டயரின் மேல் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, அதைப் பார்த்துக் காற்று நிரப்புவது தவறு. அப்புறம் பட்டன். பட்டன்களுக்கு நடுவே ஓடும் காடிகளின் அடியில் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. மழையில் அதற்கு வெகு முன்பே பிடி குறைந்துவிடும், ஏனென்றால் தண்ணீர் வெளியேற அந்தக் காடிகளை விட்டால் வழியில்லை.

கண்ணுக்குப் படாததைக் கை சொல்லும். உள்பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தால் வெட்டும் வீக்கமும் விரலில் தட்டுப்படும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு, அதாவது சக்கரம் நேராக நிற்கவில்லை. இதற்குத்தான் பத்து நிமிடம். எங்கள் ஷெட்டில் ஆறு வண்டிக்கு ஒரே ஒரு கேஜ், அதுவும் மூன்று மாதமாக ஒழுங்காக வேலை செய்யவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு வருத்தம் மேலே வருகிறது, மறைக்க விரும்பவில்லை. நான்கு நிமிடம் தாமதமானால் அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. டீசல் லிட்டர் கணக்கு வாரா வாரம் கேட்கப்படுகிறது. கதவில் ஒரு கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள். ஆனால் புகார் நோட்டின் பக்கங்களில் ஓட்டுநர்களின் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. கடந்த ஐந்து மாதத்தில் எதிர்ப் பக்கத்தில் ஒரு பதில் வரிகூட இல்லை, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். வண்டியை எடுக்க மறுத்த நண்பர் ஒருவருக்கு அந்த வாரம் முழுக்க டிரிப்பே கொடுக்கவில்லை. அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? பயணிகளுக்கு இது எதுவும் தெரியாது. சீட் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறி உட்காருகிறார்கள், நம்மை நம்பி.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது யாரையும் தண்டிக்க அல்ல. ஷெட்டுக்கு நல்ல கேஜ் இரண்டு வேண்டும். மாதம் ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கிக் காற்றுப் பார்த்து, அந்த போல்ட்டுக்கு கிரீஸ் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுபடியும் பணிவோடு கேட்கிறேன், டயர் சரியில்லை என்று ஓட்டுநர் எழுதினால் வண்டி கிளம்பக் கூடாது. அப்படி எழுதியதற்காக அவருடைய டிரிப்பும் போகக் கூடாது.

நாளைக் காலை ஐந்து மணிக்கு அதே வண்டியை எடுக்க எனக்கு டிரிப் போட்டிருக்கிறார்கள். வலது பின் டயரின் உள் ஓரத்தில் பட்டன் அந்தக் குறுக்கு மேட்டைத் தொட்டுவிட்டது. இன்று மாலை நோட்டில் எழுதி, பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து இன்றிரவே அதைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
உங்கள் வேன் ஓட்டுநர்களில் ஒருவன்