நம் ஆலயத்தை நிர்வகிக்கும் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: கணக்கை முன்கூட்டியே கொடுங்கள்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், செயலர், பொருளாளர், கமிட்டி அங்கத்தினர் அனைவருக்கும் தோத்திரம்.

இந்த வருடக் கணக்கு வாசிக்கப்பட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரே ஒரு தாள். பொருளாளர் அண்ணன் வேகமாக வாசித்து முடித்தார், கைகள் உயர்ந்தன, பேச்சு அசன (சபையார் கூடி உண்ணும் விருந்து) வேலைக்குப் போய்விட்டது. சம்பளத்துக்கும், பேராயத்துக்கு (மறைமாவட்டத் தலைமைக்கு) அனுப்பும் பங்குக்கும் அடுத்தபடியாக அந்தத் தாளில் இருந்த பெரிய தொகை ‘இதர செலவுகள்’. கட்டிட நிதி பொது வரவோடு சேர்ந்து கிடந்தது. யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அறுப்பின் பண்டிகையையே எடுத்துக்கொள்வோம். வாழைத்தார், பூசணி, சேவல், முதல் முட்டை எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அந்த மனசுதான் பண்டிகையின் அழகு. கேட்டவர் பெயரும் தொகையும் ஒரு நோட்டில் ஏறும். சிலர் அன்றைக்கே கட்டுவார்கள், சிலர் சம்பளம் வந்ததும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெயரில் கேட்டவர்கள் கிறிஸ்துமஸுக்கு. சரி, அந்த நோட்டையும் ரசீதின் அடிக்கட்டையையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பது யார்? நிலுவை எவ்வளவு? எத்தனை ரசீதுப் புத்தகம் அச்சடித்தோம், எத்தனை திரும்பி வந்தன? ஆலய வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு யார் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது? இதில் ஒன்றுக்குக்கூட அந்தத் தாளில் பதில் இல்லை.

‘பேராயத்தில்தான் ஆடிட் நடக்கிறதே’ என்று சிலர் சொல்கிறார்கள். நாம் எழுதி அனுப்பியதை வைத்துத்தான் அங்கே பார்ப்பார்கள். இங்கே ரசீது போடாமல் வாங்கிய பணம் அங்கே எப்படித் தெரியும்?

இன்னும் சிலர் வேதத்தையே காட்டுகிறார்கள். ஆலயத்தைப் பழுதுபார்த்த காலத்தில், உண்மையாய் நடந்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் இருப்பது உண்மைதான். அதற்குச் சில வசனம் முன்னே போய்ப் பாருங்கள். ஆசாரியனாகிய யோய்தா பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைக்கிறான். பணம் நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிக் கட்டுகிறார்கள். பிரதான ஆசாரியன்கூடத் தனியாக எண்ணவில்லை! பவுலும் தர்மப் பணத்தைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார்.

நம் முன்னோரும் இதை அறிந்தவர்கள்தான். நம் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது 1947 செப்டம்பர் 27. சொத்துகளைப் பேணும் டிரஸ்ட் அசோசியேஷன் அதற்கு முந்தைய நாளே கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவாகிவிட்டது. அதாவது, வருடாவருடம் தணிக்கை செய்தே ஆக வேண்டிய ஓர் அமைப்பாக.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மார்ச் 31-இல் கணக்கை முடித்து, நம் சபையைச் சேராத, கமிட்டியில் யாருக்கும் உறவில்லாத ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டன்டிடம் கொடுங்கள். கட்டிட நிதி, மிஷனெரி நிதி, ஏழைகள் நிதி ஒவ்வொன்றுக்கும் தொடக்க இருப்பும் முடிவு இருப்பும் தனித்தனியாக வரட்டும். அவர் குறை எழுதினால் அதையும் மறைக்காமல் சேர்த்து, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்கு ஒரு பிரதி கொடுங்கள். அப்புறம், ஞாயிறு காணிக்கையை எண்ணும்போது வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பேராவது இருந்து கையெழுத்துப் போடட்டும்.

நம் சபையில் பீடி சுற்றும் அக்காமார் இருக்கிறார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை பையோடு கொண்டுவரும் பாட்டிமார் இருக்கிறார்கள். அந்த அரிசி விற்ற பணம் எந்தத் தலைப்பில் வரவானது என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அந்தத் தாளில் தேடினேன், இல்லை.

ஆடிட்டர் கட்டணம்தான் தடை என்றால், முதல் வருடச் செலவை நாங்கள் சில குடும்பங்கள் ஏற்றுக்கொள்கிறோம். பழைய அடிக்கட்டைகளை வரிசைப்படுத்தவும் ஆள் தருகிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்து, முடிவை ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் சொல்லும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன் ஒருவன்