செல்லாத வழியைச் செல்லவிடாதீர்கள்

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவினருக்கும் இந்நாட்டின் இணையச் சேவை வழங்குநர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலையில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், இவைதான் பிழைப்பு. அதற்கு முன் சில வருடங்கள் ஒரு சேவை வழங்குநரிடம் வலையமைப்புப் பிரிவில் இரவு வேலை பார்த்தேன். அந்தப் பழக்கதோஷத்தில்தான் இந்த மடல்: இணையத்தில் தவறாக அறிவிக்கப்படும் வழிகளை உங்கள் வாசலிலேயே தடுத்துவிடுங்கள் என்று கேட்க.

எங்கள் பஸ் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு வந்து நின்று பாருங்கள். "கிண்ணியா, கிண்ணியா, மூதூர்" என்று கொண்டக்டர் கூவுவார். மூட்டையோடு வருகிறவர் அந்தக் குரலை நம்பி ஏறிவிடுவார். இணையம் ஓடுவதும் ஏறக்குறைய இப்படித்தான். பிஜிபி என்ற முறையில் ஒவ்வொரு வலையமைப்பும் "இந்த முகவரிகளுக்குப் போக என்னிடம் வாருங்கள்" என்று பக்கத்து வலையமைப்புகளிடம் கூவும். கேட்டவர் நம்பி அடுத்தவருக்குச் சொல்வார். ஒருவர் "கிண்ணியா" என்றும் இன்னொருவர் "கிண்ணியா ஆஸ்பத்திரியடி" என்றும் கூவினால், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இரண்டாவது பஸ்ஸில்தானே ஏறுவார்? ரூட்டரும் அதையேதான் செய்கிறது. சிறிய முகவரித் தொகுதியை அறிவிப்பவருக்கே முதலிடம். கூவியவரிடம் பெர்மிட் இருக்கிறதா என்று பிஜிபி கேட்பதேயில்லை.

2008 பெப்ரவரி 24 அன்று நடந்தது இதுதான். பாகிஸ்தான் டெலிகொம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட ஒரு வழி வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட தொகுதி. பாகிஸ்தானிலிருந்து போன அறிவிப்பு அதற்குள் அடங்கிய 256 முகவரிகளுக்கு. சிறியது வென்றது. ஹொங்கொங்கைச் சேர்ந்த பிசிசிடபிள்யூ என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அதைச் சரிபார்க்காமல் உலகத்துக்குக் கடத்தியது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லை. அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு இரவு, வாடிக்கையாளர் ஒருவரின் முகவரித் தொகுதியைச் சேர்க்கும்போது 9க்குப் பதிலாக 6 அடித்துவிட்டேன். தூக்கக் கலக்கம். அது வேறு யாருடையதோ. எங்களுக்கு மேலிருந்த வழங்குநர் வடிகட்டி வைத்திருந்ததால் அந்த அறிவிப்பு அவர்கள் வாசலோடு நின்றது. விடியும்போது ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது: "இது உங்களுடையதா?" ஏசி அறையில் உட்கார்ந்தபடியே வியர்த்துப்போனேன்.

பெர்மிட் இல்லாத குறை தீர்ந்து பல வருடங்களாகிவிட்டன. ஆர்பிகேஐ என்ற ஏற்பாட்டில் முகவரிக்கு உரியவர் "இந்தத் தொகுதியை அறிவிக்க இந்த வலையமைப்புக்கே உரிமை" என்று கையொப்பமிட்டு வைக்கலாம். அதற்குப் பெயர் ஆர்ஓஏ. எங்கள் பிராந்தியத்துக்கு பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக் என்ற முகவரிப் பதிவகம் இதைச் செய்து தருகிறது, உறுப்பினருக்குத் தனிக் கட்டணம் இல்லை. 2024 மே மாதத்தில் உலகின் ஐபிவி4 (பழைய முகவரி முறை) பாதைகளில் பாதிக்குமேல் ஆர்ஓஏ வந்துவிட்டது. சரி, பெர்மிட் வந்துவிட்டது. ஆனால் பஸ் நிலைய வாசலில் நின்று அதைப் பார்க்க ஒரு டைம்கீப்பர் வேண்டுமே? வந்த அறிவிப்பை ஆர்ஓஏயுடன் ஒப்பிட்டு, முரண்படுவதைச் செல்லாதது என்று தள்ளுவதுதான் அந்த வேலை. ஆர்ஓஏயே இல்லாத பாதைகளை வழக்கம்போல விட்டுவிடலாம். செல்லாதவற்றை மட்டும் தள்ளினால் போதும்.

டைம்கீப்பர் நின்றால் என்ன வித்தியாசம் என்பதற்கு ஒரே முகவரித் தொகுதி இரண்டு முறை சாட்சி சொல்லியிருக்கிறது. 2021 பெப்ரவரியில், இராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு, மியன்மாரின் ஒரு நிறுவனம் ட்விட்டரின் 104.244.42.0/24 தொகுதியைத் தன்னுடையதாக அறிவித்தது. அது நாட்டு எல்லை தாண்டியும் கசிந்தது. அப்போது அந்தத் தொகுதிக்கு ஆர்ஓஏ இல்லை. 2022 மார்ச்சில் ரஷ்ய நிறுவனம் ஒன்று அதே தொகுதியை அறிவித்தது. அதற்குள் ட்விட்டர் கையொப்பமிட்டிருந்தது. செல்லாதவற்றைத் தள்ளும் பெரிய வலையமைப்புகள் அந்த அறிவிப்பை எடுக்கவில்லை, அதனால் அது அதிக தூரம் பரவவில்லை.

இதெல்லாம் ட்விட்டர், யூடியூப் கதை, திருகோணமலைக்கு என்ன என்று கேட்பீர்கள். கிண்ணியாவிலிருந்து ஒரு உம்மா மாதம் ஒருமுறை கடைக்கு வருவார். "தம்பி, மகன் காசு போட்டானாம், விழுந்திருக்கா எண்டு பாத்துச் சொல்லுங்க" என்று போனை என் கையில் தந்துவிடுவார். வங்கிப் பக்கத்தைத் திறந்ததும் என் கண் பூட்டுக் குறியைத்தான் தேடும். 2018 ஏப்ரல் 24 அன்று இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அமேசானின் பெயர்ச் சேவைக்குரிய முகவரிகளை ஒரு கூட்டம் இதே முறையில் கடத்தியது. மைஈதர்வொலட் என்ற மின்பணப் பையின் பக்கத்துக்குப் போனவர்கள் போலிப் பக்கத்தில் இறங்கினார்கள். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தது. சிலர் "பரவாயில்லை" என்று தட்டிவிட்டு உள்ளே போனார்கள். சுமார் 1,50,000 டொலர் பெறுமதியான மின்பணம் போயிற்று. எச்சரிக்கை ஆங்கிலத்தில் வரும்போது அந்த உம்மா எதைத் தட்டுவார் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஐந்து பேர் காத்திருக்கும்போது நான் எதைத் தட்டுவேன் என்பதும் தெரியும்.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஒரு சோதனைப் பக்கம் திறந்தது. அது இரண்டு முகவரிகளை எடுக்கப் பார்க்கும், ஒன்று செல்லும் பாதை, மற்றது வேண்டுமென்றே செல்லாததாக வைத்தது. கடை இணைப்பில் பார்த்தேன். இரண்டும் நல்ல பிள்ளைபோல் வந்து நின்றன. அதாவது, என் இணைப்பின் வழியில் செல்லாததை யாரும் தள்ளவில்லை.

உங்கள் பொறியியலாளர்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். 2024 ஜனவரியில் ஸ்பெயினின் ஒரேஞ்ச் நிறுவனம் சில மணி நேரம் படுத்துவிட்டது. ரைப் என்ற ஐரோப்பிய முகவரிப் பதிவகத்தில் இருந்த அவர்களின் கணக்கை ஒருவன் திறந்து ஆர்ஓஏக்களைக் குழப்ப, அவர்களின் சொந்தப் பாதைகளே செல்லாதவை ஆகின. கடவுச்சொல் "ரைப்அட்மின்". இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை. இதைக் காட்டி வடிகட்டலே வேண்டாம் என்றால், சாவியைத் தொலைத்தவன் கதவைக் கழற்றி வைத்த கதைதான். செலவைச் சொல்லியும் தப்ப முடியாது. ரூட்டினேட்டர் போன்ற மென்பொருள் இலவசம், ஒரு சாதாரண சேர்வரில் ஓடும். ரூட்டர் கணக்குப் போடுவதில்லை, தயாரான பட்டியலை வாங்கிக்கொள்வதோடு சரி. நடுவழியில் பொய் சொல்லும் பாதைகளையும், உரியவர் பெயரிலேயே தவறான பக்கம் பரவும் பாதைக் கசிவுகளையும் இது பிடிக்காது என்பது உண்மை. அதற்கு வேறு வேலை இருக்கிறது, இது முதல் வேலை.

சின்ன வழங்குநர்களை முதலில் நெருக்க வேண்டாம். அவர்கள் செல்லாததைத் தள்ளினாலும், தனி வழி தெரியாதவற்றுக்கான பொதுவழி மேலிருப்பவரிடம்தான் போகும், மேலிருப்பவர் மறுபடி அதே தவறான பஸ்ஸில் ஏற்றிவிடுவார். இந்தத் தீவிலிருந்து வெளியே போகும் வாசல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த வாசல்களில் டைம்கீப்பர் நின்றால் கிண்ணியாவுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு. ஆணைக்குழுவிடம் கேட்பது: சர்வதேச வாசல் வைத்திருப்போர் செல்லாத பாதைகளைத் தள்ள ஒரு திகதி குறியுங்கள், யார் செய்தார், யார் செய்யவில்லை என்பதை மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். வழங்குநர்களிடம் கேட்பது: ஆர்ஓஏ கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்புப் போடுங்கள். அப்புறம், பெர்மிட்டில் "எல்லா ஊரும்" என்று எழுதுவதுபோல் ஆர்ஓஏயில் தேவைக்கு மேல் சிறிய தொகுதிகளுக்கும் அனுமதி கொடுத்து வைக்காதீர்கள்.

ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி கடை திறந்ததும் அந்தச் சோதனைப் பக்கத்தைப் பார்க்கிறேன். இரண்டாவது முகவரி வராமல் நிற்கும் நாளில் உங்களுக்கு இன்னொரு மடல் எழுதுவேன், நன்றி சொல்லி.

இப்படிக்கு,
ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரன்,
திருகோணமலை.