அந்த எட்டு நிமிஷத்துக்கு நன்றியும் மன்னிப்பும்

எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்து அண்ணன்மாருக்கும், அன்று ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓடிவந்த எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் தீப்பிடித்தது ஊருக்கே தெரியும். மறுபடி அதை எழுத எனக்குத் தெம்பில்லை. மாமாவுக்குக் கைக்கட்டை நேற்றுப் பிரித்துவிட்டார்கள். பின்கட்டு போனது போனதுதான். குடமும் வாளியுமாக வரிசை கட்டிய பிள்ளைகள், தொட்டித் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்ட மாவு மில் அண்ணாச்சி, 108-இல் வந்த தம்பி, மூன்று நாள் சோறு போட்ட எதிர்வீட்டு அக்கா... உங்களுக்கெல்லாம் நேரில் வந்து சொல்கிறேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும்.

வண்டி தாமதமாக வந்தது என்று எங்களுக்கு ஆத்திரம். நிலையம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. 101-க்குப் போன் போட்டுக் கால் மணி நேரமா? கொழுந்தனார் கலெக்டருக்கு மனுவே எழுதிவிட்டார். நாலாம் நாள் அதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனோம். சண்டை போடத்தான் போனோம், பொய் சொல்வானேன்.

நிலைய அலுவலர் அத்தைக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மனுவை முழுசாகப் படித்தார். "கேட்க வேண்டியதுதாம்மா" என்றவர், பதிவேட்டை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டாலும் இதைத்தான் தருவோம். இப்பவே பாருங்க."

விரல் வைத்து வாசித்தார். அழைப்பு 2.17. வண்டி கிளம்பியது 2.18. தெருமுனை 2.23. தண்ணீர் அடித்தது 2.31. முனையில் வண்டி திரும்பவே இல்லையாம். ஹோஸை ஒன்றோடு ஒன்று கோத்து, தெரு நீளத்துக்கும் ஆட்களே இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் விரல் தாண்டிப் போயிற்று. கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். திருப்பத்தில் நின்ற கார் என்று எழுதி, பக்கத்தில் நம்பர். எங்கள் கார்.

கண்ணாடி எடுத்து வராத அத்தை, "என்னடா அது?" என்று கேட்டார். அலுவலர் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா, வழி கொஞ்சம் நெருக்கடி." பதிவேட்டை மூடிவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

அத்தையிடம் வீட்டுக்கு வந்து நாங்களே சொல்லிவிட்டோம். 'வண்டி லேட்' என்று தெருவில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைக் கிளப்பிவிட்டதே நாங்கள்தான்.

1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து மாண்ட தீயணைப்பு வீரர்களை நினைத்து, வருஷாவருஷம் ஏப்ரல் 14-இல் தீத்தொண்டு வாரம் தொடங்குவார்கள். போன வருஷம் அதற்காகத் தெருவுக்கு வந்தவர்கள் துண்டுச்சீட்டும் கொடுத்தார்கள். வண்டி வர வழி விடுங்கள் என்று அதில் இருந்திருக்கும். நான் அதில் பொட்டுக்கடலை மடித்து வைத்தேன்.

மனுவைக் கிழிக்கவில்லை. முனையில் வண்டி நிறுத்தத் தடை கேட்டு நகராட்சிக்கு மாற்றி எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து கொழுந்தனாருடையது. கார் இப்போது கோயில் மைதானத்தில் வாடகைக்கு நிற்கிறது. மனு மாவு மில்லில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் கையெழுத்துப் போடலாம்.