2025ஆம் ஆண்டறிக்கை: கதிர்த் திருப்ப நாளும் யோவான் தீயும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரை விழா, தீபாவளி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மண்டப வாடகை ஏறிவிட்டது. அந்த வருத்தத்தைப் பொருளாளர் கணக்கோடு சேர்த்து வாசிப்பார். தமிழ் வகுப்பும் தொடர்கிறது. புதிதாகச் செய்தது ஒன்றுதான்: ஜூன் 21, சூரியன் வடகோடியைத் தொட்டுத் தெற்கே திரும்பும், ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட கதிர்த் திருப்ப நாளை ஒன்றுகூடிக் கழித்தோம்.

சனிக்கிழமையாக அமைந்தது நல்லதாகப் போயிற்று. காலையில் நாம் வாழும் ஜெர்மனியின் ஹாலே நகர அருங்காட்சியகத்தில், நிலாவையும் விண்மீன்களையும் பொன்னில் பதித்த நெப்ரா வான்தட்டைப் பார்த்தோம். 32 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தட்டு, வயது ஏறத்தாழ 3600 ஆண்டு. விளிம்பில் பொன் வில் ஒன்று, எதிர்ப்பக்கம் இன்னொன்று விழுந்துபோன தடம். ஒவ்வொன்றும் சுமார் 82 பாகை. கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியன் மறையும் எல்லைகளுக்கு இடையே இந்தப் பகுதியில் உள்ள கோணமும் அதுவே. இதே ஊரில் இருந்துகொண்டு நம்மில் பலர் இதைப் பார்க்காமலே இருந்திருக்கிறோம்.

உச்சிவேளைக்குப் பூங்காவில் ஒரு மீட்டர் குச்சி நட்டோம். பன்னிரண்டு மணி தாண்டியும் நிழல் குறுகிக்கொண்டே போனது பிள்ளைகளுக்குப் புதிராக இருந்தது. கோடை நேரத்துக்காகக் கடிகார முள்ளை ஒரு மணி தள்ளி வைத்திருக்கிறோம், ஹாலேயும் நேர வலயத்தின் நடுக்கோட்டுக்கு மேற்கே இருக்கிறது; ஆகவே இங்கே உச்சி 1 மணி 14 நிமிடத்துக்குத்தான். அப்போது நிழல் 53 சென்டிமீட்டர், வடக்கே. டிசம்பர் 21 அன்று இதே குச்சிக்கு 3.7 மீட்டர் நிழல் விழும். யாழ்ப்பாணத்திலோ ஜூன் 21 உச்சியில் நிழல் தெற்கே விழும், ஒரு சாண் அளவுதான். எல்லாம் பூமியின் 23.4 பாகைச் சாய்வு செய்யும் வேலை. சூரியனுக்குக் கிட்டப் போவதால் கோடை என்று நினைப்பவர்களுக்கு: ஜூலை தொடக்கத்தில்தான் பூமி மிகத் தள்ளி இருக்கிறது.

இனி யோவான் தீ, அதாவது யோவான் திருவிழாவையொட்டி இங்கே இரவில் மூட்டும் பெருந்தீ. திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள் ஜூன் 24. ரோமர் காலத்தில் கதிர்த் திருப்ப நாளாக எண்ணப்பட்டதும் ஜூன் 24தான். நாட்காட்டி நகர்ந்தது, பிறகு 1582இல் திருத்தினார்கள், திருப்பம் 21இல் வந்து நின்றது. திருவிழா மட்டும் 24ஐ விடவில்லை. “ஆடி பிறக்கத்தானே தட்சிணாயனம்?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நம் கதையும் அதேதான். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து மாதம் கணிக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஆடி முதல் நாள் உண்மையான திருப்பத்தைவிட மூன்றரை வாரம் பின்தங்கிவிட்டது.

போவதற்கு முன் யார் நடத்தும் தீ என்று விசாரித்தோம். நாஜிகள் இந்தத் திருப்ப இரவைத் தங்கள் அரசியல் விழாவாக்கியவர்கள். இன்றும் தீவிர வலதுசாரிகள் சிலர் இதைத் தேடிப் பிடிக்கிறார்கள். நாங்கள் போனது பக்கத்துக் கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படையும் தேவாலயமும் சேர்ந்து நடத்திய தீ. விறகுக் குவியலுக்குள் முள்ளெலிகள் தங்கியிருக்கும் என்பதால் அன்று பகலிலேயே அதைப் பிரித்துத் திரும்ப அடுக்கியிருந்தார்கள். சூரியன் ஒன்பதரைக்கு மேல் மறைந்ததும் கொளுத்தினார்கள். “இது எங்கட சொக்கப்பானை எல்லோ!” என்றார் ஓர் அம்மா. தீ தணிந்து தணலானதும் இணைகள் கைகோத்துத் தாண்டின. நம் பக்கமிருந்தும் ஓர் இளம் தம்பதி தாண்டினார்கள். சேலையில் தாண்டக் கூடாது என்று தீயணைப்புக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சரியான பேச்சு.

தொலைநோக்கி கொண்டுவந்தவருக்குத்தான் ஏமாற்றம். நள்ளிரவிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 15 பாகைதான் இறங்குகிறது. வடக்கே வெளிறல் போகவே இல்லை.

மைன்ஸ் நகரத்து யோவான் இரவு விழாவுக்குப் போகும் யோசனையும் வந்தது. 1968இல் அச்சுக்கலை முன்னோடி குட்டன்பர்க் நினைவாகத் தொடங்கியது; அச்சுத் தொழில் பயிற்சி முடித்தவர்களைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். தூரம் கருதி விட்டுவிட்டோம்.

2026இல் திருப்பம் ஜூன் 21, ஞாயிறு காலை 10 மணி 24 நிமிடத்துக்கு. அன்று கோசெக் வட்டம் என்னும் பழங்கால மரவேலி வட்டத்துக்குப் போகலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. கி.மு. 4900 அளவில் கட்டப்பட்ட அதன் மர வேலியை மீண்டும் எழுப்பி 2005இல் திறந்தார்கள். இரண்டு தெற்கு வாசல்கள் டிசம்பர் திருப்பத்தின் சூரிய உதயத்தையும் மறைவையும் நோக்கியவை. ஆகவே குளிரைப் பொறுப்பவர்கள் டிசம்பரிலும் ஒருமுறை வரலாம். பேருந்து அமர்த்தப் பொறுப்பேற்பவர் யார் என்பதை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்